நெற்றிக்கண் பெற்ற வில்லன்

காவியங்களையும் கூத்துகளையும் பற்றிப் பேசிவந்த இத்தொடரிலே இன்று அமெரிக்கச் சித்திரக்கதை வில்லன் ஒருவனைப் பற்றிப் பேசப்போகிறேன். நேயர்களுட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வானொலியிலே முகம் தெரியாதென்பது எனக்கு ஒரு வசதி. ஆயினும் 1972இலே சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து கொமிக்ஸையும் அதன் இரும்புக்கை மாயாவியையும் பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்தவர்கள்தாம் இன்று பலர் வீட்டிலே பெற்றோராகவும் பாடசாலையிலே ஆசிரியராகவும் இருக்கின்றனர். ஆகவே இவ்விடயம் எமக்கு அந்நியமானதன்று.

நான் குறிப்பிடும் வில்லனின் பெயர் டெஸ்பெரோ. 1960 ஒக்டோபர் - நவம்பர் திகதியிட்டு வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக் ஒஃப் அமெரிக்கா' என்ற சஞ்சிகையின் முதலாவது இதழிலே அவன் தோன்றினான். கதையை எழுதியவர் கார்டினர் ஃபொக்ஸ்; படங்களை வரைந்தவர் மைக் செக்கோவ்ஸ்கி. கலனோர் என்னும் வேற்றுக் கிரகத்தின் கொடுங்கோலன் அவன். தலையின் உச்சியிலே மீனின் செட்டை போன்றதோர் உறுப்பு. நெற்றியிலே மூன்றாவது கண். அக்கண்ணின் நோக்கிலே அகப்பட்டவர் தம்வசம் இழந்து அவன் ஏவல்வழி நிற்பர். தொடக்கத்தில் மனோவசியமாக இருந்த இவ்வாற்றல், பின்னர் வந்த எழுத்தாளர்களின் கையிலே பிறர் மனத்தைப் படிக்கவும் அதனுள்ளே புகவும் வல்லதாக வளர்ந்தது. அம்முதலிதழின் அட்டையிலே ஃபிளாஷ் என்னும் வீரன் டெஸ்பெரோவின் எதிரே அமர்ந்து சதுரங்கம் போன்றதோர் ஆட்டம் ஆடுகிறான். பலகையிலே காய்களாக நிற்பவர்கள் அவனது தோழர்கள். தம்பியரைப் பணயம் வைத்த தருமனின் சூதுகளம் எமக்கு நினைவு வராமற் போகுமா?

நெற்றிக்கண் என்றதும் சைவச் சூழலிலே வளர்ந்தவர்களுக்கு நினைவில் எழுவது வேறொரு திருமுகம். அமெரிக்க எழுத்தாளர் சிவபெருமானை நினைத்துத்தான் இவனைப் படைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறைவனின் நெற்றிக்கண் எரிப்பது. காமன் எரிந்தான். திருவிளையாடற் புராணத்திலே அக்கண்ணின் வெம்மை தாங்காது நக்கீரர் பொற்றாமரைக் குளத்திலே வீழ்ந்தார். ஆனால் அக்கண் திறந்தபோது நக்கீரருடைய தீர்ப்பு மாறியதா? மாறவில்லை. அவருடைய உடலைச் சுடுமுடிந்த அக்கண், அவர் மனத்துள் நுழைந்து, குற்றமுடைய பாட்டைக் குற்றமற்றதென அவரையே சொல்லவைக்க முனையவில்லை. இறைவனே எதிர்நின்றபோதும் புலவனின் மனம் புலவனுடையதாகவே இருந்தது. டெஸ்பெரோவின் கண் இதற்கு நேர்மாறானது. அது எரிப்பதைவிட ஆட்கொள்வதையே விரும்புவது. அவனிடத்திலே அகப்பட்டிருந்தால் நக்கீரர் குளத்தில் விழவேண்டி வந்திராது. இன்முகத்தோடு பாட்டைப் பாராட்டியிருப்பார். இரண்டிலும் எது பெருங்கொடுமை?

இத்தகைய வில்லன் 1960இலே பிறந்தமை தற்செயலன்று என்றே எண்ணுகிறேன். கொரியப் போர்க் காலத்திலே, 1950 அளவில், 'மூளைச்சலவை' என்னும் கருத்து அமெரிக்கப் பத்திரிகைகளிற் பரவியது. சிறைப்பட்ட போர்வீரர் மனம் மாற்றப்பட்டுத் திரும்புகின்றனர் என்ற அச்சம் அந்நாட்டைப் பிடித்தாட்டியது. 1959இலே ரிச்சர்ட் கொண்டன் அதனையே கருவாக வைத்துப் புகழ்பெற்ற நாவலொன்றை எழுதினார். பகைவன் எல்லைக்கு வெளியே நிற்கிறான் என்பதைக் காட்டிலும், பக்கத்தில் நிற்கும் தோழனின் தலைக்குள்ளே இருக்கிறான் என்ற பயம் கொடியது. சிறுவர் கதைக்குள்ளே இறங்கியபோது அப்பயத்துக்கு ஒரு செட்டையும் மூன்றாவது கண்ணும் முளைத்தன, அவ்வளவே.

மட்டக்களப்பார்க்கு இவ்விடயத்திலே பழைய பெயர் ஒன்று உண்டு. இங்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவோம் என்று பிற ஊரவர் சொல்வர். மந்திரத்தால் மனத்தைக் கட்டிவிடுவோமாம்! வெளியூரிலிருந்து இடமாற்றம் பெற்றுவந்த உத்தியோகத்தர்கள் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டதற்குக் காரணம் மந்திரமன்று, எமது விருந்தோம்பலே என்று நாம் பதில் சொல்லிச் சிரிப்போம். வாவிக்கரைக் காற்றுக்கும் ஆற்றுமீன் கறிக்கும் அதிலே பங்குண்டு.

சிரிக்கமுடியாத இன்னொன்றும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுற்றிவளைப்பு நடந்த நாட்களை அறிந்தவர்களுக்குத் 'தலையாட்டி' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. அறியாத இளையோருக்காகச் சொல்கிறேன். ஊரவரை மைதானத்திலே வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தைச் சாக்கினால் மூடிய ஒருவன் முன்னே ஒவ்வொருவராகச் செல்லவேண்டும். சாக்கிலே கண்ணுக்கு இரண்டு துவாரம். அவன் தலையசைத்தால் அவ்வாள் ஒருபுறம் ஒதுக்கப்படுவான். ஒதுக்கப்பட்டவர் எல்லோரும் வீடு திரும்பியதில்லை. எமது நெஞ்சிலே என்ன இருந்ததென்று அந்த இரண்டு கண்களுக்கு எப்படித் தெரியும்? வேற்றுக் கிரகத்தானுக்கு மூன்று கண் தேவைப்பட்டது. இங்கோ இரண்டே போதுமாயிருந்தன. சாக்குக்குள்ளே நின்றவனும் பெரும்பாலும் எம்மவனே. அடியாலோ அச்சத்தாலோ தன் மனத்தைப் பிறர்கையிலே கொடுத்தவன். சூப்பர் வில்லன் கதைகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராமைக்கு இது ஒரு காரணம்.

வடமோடிக் கூத்திலே கொடியவனுக்கும் வரவு உண்டு. அவனும் முடி தரித்து, தாளத்துக்கு ஆடித் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொண்டுதான் களரிக்கு வருவான். டெஸ்பெரோவும் அவ்வாறே தன் வல்லமையைத் தானே விளம்புபவன். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளிலே பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்', அத்தகைய ஆரவாரத்துக்கு உள்ளேயிருந்த மனிதனை எமக்குக் காட்டியது. அமெரிக்கச் சித்திரக்கதையிலும் அப்படியொரு தருணம் வந்தது. அது 1990இலே வந்தது.

அவ்வாண்டு கீத் கிஃபென், ஜே. எம். டிமாற்றிஸ் ஆகியோர் எழுதிய இதழ்களில் டெஸ்பெரோ முன்னிலும் பன்மடங்கு வலிமையோடு பூமிக்கு மீண்டான். வீரர் அணியைச் சேர்ந்த ஜிப்சி என்னும் இளம்பெண்ணின் பெற்றோரைக் கொன்றான். எவராலும் அவனைத் தடுக்க இயலவில்லை. ஈற்றில் அவனை அடக்கியவர் செவ்வாய்க் கிரகத்தவரான ஜோன் ஜோன்ஸ். 1955 நவம்பரிலே அறிமுகமான இவரும் வேற்றுக் கிரகத்தவர். இவரும் பிறர் மனத்துட் புகவல்லவர். ஒரே ஆற்றல் ஒருவனிடம் கொடுமையாகவும் மற்றவரிடம் காவலாகவும் நிற்கிறது. ஜோன் செய்தது என்ன? டெஸ்பெரோவின் மனத்துள் நுழைந்து, அவன் வேண்டிய பழியெல்லாம் தீர்ந்ததாகவும் அதன்பின் அமைதி கிட்டியதாகவும் ஒரு தோற்றத்தை உண்டாக்கினார். அவ்வித்தைக்குக் கதையிலே இட்ட பெயர் 'மாயாவனா'. எழுதியவர்களுள் ஒருவரான டிமாற்றிஸ், இந்திய ஞானி மெஹர் பாபாவிடம் ஈடுபாடு கொண்டவர். ஆதலால் 'மாயை' என்ற சொல் அதிலே ஒலிப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

இக்கதையை உயர்தர வகுப்பிலே சொன்னேன். ஒரு மாணவி உடனே எழுந்து, "அப்படியெண்டா சேர், அவரும் அவன் செய்ததைத்தானே செய்தவர்?" என்று கேட்டாள். இன்னொருவன் வாய்மை அதிகாரத்தைத் துணைக்கழைத்தான். தீமை கலவாத நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடங்கொடுத்திருக்கிறாரே என்பது அவன் வாதம். அவள் விடவில்லை. பொய் சொல்வது வேறு, ஒருவன் மனத்துக்குள்ளே போய் இருந்துகொள்வது வேறு என்றாள். மணி அடித்தது. என்னைக் கேட்டால் நான் அவள் பக்கமே. கேட்பவனுக்குப் பொய்யை மறுக்க இடமுண்டு. மாயாவனாவிலே அந்த இடம் இல்லை. ஆனாலும் ஊர் அழிந்துகொண்டிருக்கையில் ஜோன் வேறென்ன செய்திருக்கலாம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே எல்-ரோன் என்னும் இயந்திர மனிதனின் மனம் டெஸ்பெரோவின் உடலுள் மாற்றிவைக்கப்பட்டது. எமது மொழியிலே சொன்னால் கூடுவிட்டுக் கூடு பாய்தல். சாத்தனூரிலே இடையன் மூலன் இறந்துகிடக்க, கதறிய பசுக்களுக்கு இரங்கி அவனுடலிற் புகுந்தார் திருமூலர். மாலையில் மூலனின் மனைவி வந்து வீட்டுக்கு அழைத்தாள். தன் கணவனின் முகமே எதிரே நின்றது. உள்ளே இருந்தவரோ அவள் கணவர் அல்லர். பெரியபுராணத்திலே அப்பெண் படும் பாட்டை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அமெரிக்கக் கதையிலே அந்த இடத்திலே நிற்பவள் ஜிப்சி. பின்னர் ஜோன் தலைமை தாங்கிய அணியொன்றிலே அவளும் சேர்ந்தாள், எல்-ரோனும் சேர்ந்தது. தன் தாய்தந்தையரைக் கொன்றவனின் அதே முகத்தை அவள் நாள்தோறும் பார்த்து, அதனோடு பேசி, அதனருகே நின்று போரிடவேண்டியிருந்தது.