ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் தீராத தலைவலி

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலோ, பக்கத்து வல்லம் வடகாலிலோ, ஒரகடத்திலோ பெரிய தொழிற்சாலை எதை எடுத்துக்கொண்டாலும் உள்ளே ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் இருக்கும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவ அறை இருந்தே ஆக வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டு வரும் விதி. அந்த அறையின் மேசையில் ஒரு பதிவேடு இருக்கும். தேதி, எம்ப்ளாயி நம்பர், பெயர், என்ன தொந்தரவு, என்ன மாத்திரை, கையெழுத்து என்று கட்டம் கட்டமாக ஓடும். தலைவலி என்று வந்தவருக்கு ஒரு மாத்திரை, கொஞ்ச நேர ஓய்வு, பிறகு மறுபடியும் லைன். பதிவேடு தேதிவாரியாகப் போவதால், ஒரே பெண் ஒரே மாதத்தில் ஒன்பது முறை வந்தாலும் அது ஒன்பது தனித்தனி வரிகளாகவே கிடக்கும். அவருடைய நோயைக் கண்டறியத் தேவையான விவரத்தில் பாதி அந்த நோட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. ஒரு பெயருக்குக் கீழே அதைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கடுமையான தலைவலியோடு ஆண்டுக்கணக்கில் அல்லாடுகிறவர்களுக்குச் சரியான சிகிச்சை கிடைக்காமல் போவதற்குப் பெரிய மெஷின் இல்லாததோ, மருந்தின் விலையோ முதல் காரணம் அல்ல. அவர்கள் சொல்வதை முழுதாகக் கேட்டு எழுதி வைக்கும் வேலை எந்தக் கட்டத்திலும் நடக்காததுதான் முதல் காரணம்.

தலைவலி எல்லோருக்கும் வருவதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தின் நகரத்திலும் கிராமத்திலுமாக 2,300-க்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். முந்தைய ஓராண்டில் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 64 சதவீதம். அதில் வியப்பில்லை. ஆனால் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி மட்டுமே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இருந்தது. உலக அளவில் 2019-ஆம் ஆண்டுக்கான நோய்ச்சுமைக் கணக்கின்படி, மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் மைக்ரேன் இரண்டாவது. இளம்பெண்களிடையே அதுதான் முதலாவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. இந்த நோய் யாரை அதிகம் தாக்குமோ, அந்த வயதுப் பெண்களைத்தான் இந்த வட்டாரம் ஆயிரக்கணக்கில் வேலைக்கு அழைத்து வருகிறது. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட், குலையும் தூக்கம், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் விட்டுப்போகும் சாப்பாடு, பாத்ரூம் போகத் தயங்கிக் குடிக்காமல் விடும் தண்ணீர், மணிக்கணக்கில் கண்ணில் விழும் வெள்ளை வெளிச்சம் ஆகியவை மைக்ரேனை உருவாக்குவதில்லை. ஆனால் அந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு வலியைக் கிளப்பிவிடப் போதும். சூப்பர்வைசர் கண்ணுக்கு இது தெரியாது. கை உடைந்தால் கட்டு தெரியும், காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டும்; தலைவலிக்காரர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதனாலேயே இந்தப் பெண்கள் ‘நடிக்கிறாள்’ என்ற பேச்சைக் கேட்க நேர்கிறது. கேட்பவருக்கு அது வலியைவிடக் கொடியது.

மைக்ரேனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகுத்துள்ள வரையறை முழுக்க முழுக்க நோயாளி சொல்லும் விவரத்தில் நிற்கிறது. வலி இதுவரை ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும். ஒரு பக்கமாக வலிப்பது, நாடித்துடிப்பு போல விண்விண்ணென்று தெறிப்பது, வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் கடுமையாக இருப்பது, மாடி ஏறினால்கூட அதிகமாவது என்ற நான்கில் இரண்டாவது பொருந்த வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ, அல்லது வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலையோ இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வலிப்பவர்களும் நிறைய உண்டு, ஆகவே ‘எனக்கு முழுத் தலையும் வலிக்கிறது’ என்பதால் இது இல்லையென்று ஆகாது. இதையும் சுருக்கி, 2003-இல் மூன்றே கேள்விகளில் ஒரு முறையை வெளியிட்டார்கள். தலைவலியின்போது குமட்டுகிறதா? வெளிச்சம் தொல்லை தருகிறதா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது வேலை கெட்டதா? தலைவலி என்று மருத்துவரிடம் வந்தவர்களில் இரண்டுக்கு ‘ஆமாம்’ சொன்னவர்களுக்கு மைக்ரேன் இருப்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் உறுதியானது. ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் மாத்திரை எடுத்துத் தரும் நேரத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்விகள் இவை.

கேட்காததால் என்ன ஆகிறது? தலைவலி தவறான பெயரோடு அலைகிறது. நம்மூரில் முதலில் வைக்கப்படும் பெயர் சைனஸ். புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் வலி, மூக்கடைப்பு, கண்ணில் நீர்; பனிக்காலத்தில் அதிகம். சைனஸ் என்று தோன்றுவதில் தவறில்லை. ஆனால் 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைச் சோதித்தபோது அவர்களில் 88 சதவீதத்தினரின் வலி மைக்ரேன் வரையறைக்குள் வந்தது. முகத்துக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் நரம்பே மைக்ரேனிலும் தூண்டப்படுகிறது. மூக்கு ஒழுகுவதும் கண் கலங்குவதும் அதனால்தான். உண்மையான சைனஸ் தொற்றில் கெட்டியான சளி, வாசனை தெரியாமை, காய்ச்சல் போன்றவை கூட வரும். மாதாமாதம் வந்து இரண்டு நாளில் தானே போகும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்வது வீண். அடுத்த பெயர் ‘கண் பவர்’. கண்ணைச் சோதிப்பது நல்லதுதான், ஆனால் வாந்தியோடு இருட்டறையில் படுக்க வைக்கும் வலி கண்ணாடி போட்டு நிற்பதில்லை. பி.பி. என்பதும் அப்படியே, மிகவும் எகிறினால் தவிர ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி எதுவும் காட்டாது. பித்தம், சூடு, தலைக்கு எண்ணெய் வைக்காதது என்று வீட்டார் சொல்வதும் உண்டு. சுக்குப் பற்றும் தைலமும் கொஞ்சம் இதம் தரும், தரட்டும். அதில் சமாதானமாகி ஐந்து வருடம் ஓடிவிடக்கூடாது என்பதுதான் கவலை.

‘ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி’ என்று பலர் சொல்வார்கள். மூளையில் கட்டி இருக்குமோ என்ற பயம் இயல்பானது, அதை யாரும் கேலி செய்யக்கூடாது. ஆனால் பல ஆண்டுகளாக ஒரே மாதிரி வந்து போகும் தலைவலியாக இருந்து, நரம்புப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்றால் எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ‘நார்மல்’ என்ற தாளை வாங்கியவருக்கு, வலி மட்டும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, பிறகென்ன’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். ஸ்கேன் உடனே வேண்டிய நிலைகள் வேறு. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தாக்கும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்குவது, தலையில் அடிபட்ட பின் வருவது, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வருவது, கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் புதிதாகக் கிளம்புவது, பழகிய வலியே திடீரென்று குணம் மாறுவது. இவற்றில் எதுவும் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் படுக்க வைத்துப் பார்க்கும் விஷயம் அல்ல. திடீரென்று தாக்கியது என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரே ஷெட்டில் வேலை செய்யும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே காற்றாட நின்றால் குறைகிறது, லீவு நாளில் இல்லை என்றால் அது மைக்ரேன் ஆகாது. கரைப்பான்களின் ஆவியோ கார்பன் மோனாக்சைடோ காரணமாக இருக்கலாம். அங்கே சோதிக்க வேண்டியது தொழிலாளியின் தலையை அல்ல, ஷெட்டின் காற்றை. பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் இதுவும் தெரிந்துவிடும்.

மாத்திரை போட்டால்தான் நிற்கிறதே, அதற்கு மேல் எதற்கு டாக்டர் என்பவருக்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது. பல மருந்து கலந்த வலி மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ, பாராசிட்டமால் போன்ற தனி மாத்திரையைப் பதினைந்து நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், ஏற்கெனவே தலைவலி உள்ளவருக்கு அந்த மாத்திரையாலேயே தலைவலி பெருகக்கூடும். மாதம் நான்கு நாள் இருந்த வலி எட்டாகி, இருபதாகி, தினசரி ஆகிவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் ‘தலைவலி மாத்திரை ரெண்டு கொடுங்க’ என்று சில்லறை கொடுத்து வாங்குவதும், ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் வாங்குவதும், ஹாஸ்டலில் ரூம்மேட்டிடம் வாங்குவதும் தனித்தனியாக நடப்பதால் மொத்தம் எத்தனை என்று விழுங்குபவருக்கே தெரியாது. இந்த நிலைக்கு வந்தவர் டாக்டரின் கண்காணிப்பில் அதை நிறுத்த வேண்டியிருக்கும்; முதல் சில நாள் வலி கூடி, பிறகுதான் குறையும்.

ஆகவே மருத்துவரிடம் போகும் முன் கையில் இருக்க வேண்டியது ஒரு மாதக் கணக்கு. தினசரி காலண்டரின் பின்பக்கமோ ஷிஃப்ட் அட்டவணையின் ஓரமோ போதும். எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது விட்டது, வாந்தி உண்டா, மாதவிலக்கு நாளா, என்ன மாத்திரை, எத்தனை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கும் தொழிலாளியால் டாக்டரிடம் தமிழில் விளக்க முடியாமல் போகலாம். ஆனால் அவர் போட்ட கோடும் சுழியும் எந்த ஊர் டாக்டருக்கும் புரியும். கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்ற குறை நியாயமானதே. அந்த இரண்டு நிமிடத்தில் ‘அடிக்கடி வலிக்குது சார்’ என்று சொல்வதற்கும் இந்தத் தாளை நீட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

‘லீவு போட்டால் சம்பளம் போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும்’ என்ற தடைக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி, கான்ட்ராக்டில் இருந்தாலும், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருவார். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கப்படுகிறது, நிறுவனம் 3.25 சதவீதம் செலுத்துகிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரர் மாதாமாதம் 113 ரூபாய் போலக் கொடுத்துவிட்டு, தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மறுபடியும் கைக்காசு கொடுக்கிறார். நோய்க்கால உதவியாக 70 சதவீத ஊதியம் ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் நோயின் முதல் இரண்டு நாளைக் காத்திருப்பு நாளாக வைத்தது. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அதற்கு விலக்கு. மைக்ரேன் பெரும்பாலும் ஒரு நாள், ஒன்றரை நாள் வந்து போகும் நோய். இந்த விதி அதற்குச் சற்றும் பொருந்தவில்லை. காய்ச்சலையும் எலும்பு முறிவையும் நினைத்து எழுதப்பட்ட விதியால், மாதந்தோறும் முடங்கும் இளம்பெண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகிறது. இது மாற வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டால் அது சலுகை கேட்பது ஆகாது. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வேலையிடத்துக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. அந்தப் படிவத்தில் மேலே சொன்ன மூன்று கேள்விகளைச் சேர்க்க மெஷினும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

எல்லோரும் நரம்பியல் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருத்துவரோ பொது மருத்துவரோ மைக்ரேனைக் கண்டறிந்து சிகிச்சை தொடங்க முடியும். வலி தொடங்கியதுமே சரியான அளவில் எடுக்கும் நாப்ராக்சென் அல்லது சுமாட்ரிப்டான் வகை மாத்திரை ஒரு பக்கம். மாதம் நான்கு நாளுக்கு மேல் வந்தால் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து இன்னொரு பக்கம். புரோபிரனலால், அமிட்ரிப்டிலின், ஃபுளுனாரிசின் எல்லாம் பழைய, விலை மலிந்த மருந்துகள். ஆஸ்துமா உள்ளவருக்கு முதலாவது ஆகாது. அடுத்த இரண்டும் தூக்கம் வரவழைக்கும் என்பதால் மெஷினில் நிற்பவர் தன் வேலையையும் ஷிஃப்டையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியவை. வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் ஓடும் பெண்கள், மாதவிலக்கைச் சீராக்கத் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும்; அதையும் சொல்ல வேண்டும்.

நிபுணர் தேவைப்படுவது மூன்று இடங்களில். மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தால். வலி மைக்ரேன் போல இல்லாமல், கண் சிவந்து நீர் வடிய அரை மணி, ஒரு மணி நேரம் உட்கார விடாமல் துரத்தி, தினமும் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தால். இரண்டு தடுப்பு மருந்துகளைத் தலா இரண்டு மாதமாவது சரியான அளவில் எடுத்தும் பாதி அளவுகூடக் குறையாவிட்டால். ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர் டிஸ்பென்சரியில் ரெஃபரல் சீட்டு வாங்கி சென்னையின் கே.கே.நகர் அல்லது அயனாவரம் மருத்துவமனைக்குப் போகலாம். கார்டு இல்லாதவருக்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே நிபுணர் கேட்கும் முதல் கேள்வி, இதுவரை எந்த மருந்தை எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் எடுத்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். பதில் இல்லையென்றால் அவரும் முதல் மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். ஆகவே காலியான மாத்திரை அட்டைகளை எறிந்துவிடாமல், தொடங்கிய தேதியையும் நிறுத்திய தேதியையும் பின்னால் எழுதி, பழைய ஓ.பி. சீட்டுகளோடு ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.