தண்டவாளத்துக்குக் கிழக்கே இன்னொரு ஊர்: அண்ணாமலை நகர் உருவான கதை

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே போனால் நடராஜர் கோயில். கிழக்கே போனால் வேறொரு ஊர். அது தனிப் பேரூராட்சி. பெயர் அண்ணாமலை நகர். ஆட்டோக்காரரிடம் அவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டாம், ‘யுனிவர்சிட்டி’ன்னா போதும்.

பல்கலைக்கழகத்தை ஒட்டி ஊர் வளர்வது சகஜம்தான். இங்கே பல்கலைக்கழகமே ஊர். காரணம், அது தொடங்கப்பட்ட விதம். அண்ணாமலை செட்டியார் 1920-ல் ஆரம்பித்த மீனாட்சி கல்லூரி, 1929-ல் பல்கலைக்கழகமானது. அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம்போல ஊர் ஊராக இணைப்புக் கல்லூரிகள் கிடையாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தங்கணும்னா விடுதி வேண்டும், குடியிருப்பு வேண்டும், கடைத்தெரு வேண்டும். டெல்டாவின் கடைமடை வயல்களுக்கு நடுவே அத்தனையும் வந்தன.

தேவாரப் பாடல் பெற்ற திருவேட்களம் கோயில் இருப்பதும் இங்கேதான். தில்லைக்கு வந்த சம்பந்தர் இரவு தங்கியது இந்தத் தலத்தில் என்கிறது பெரியபுராணம். வெளியூர்க்காரர்களைத் தங்கவைப்பது இந்த இடத்துக்குப் புதுசில்லை!

சின்ன ஊர், ஆனால் இங்கே பற்றியது தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை மாநாடு 1941-ல் இங்கு கூடியது. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீஸ் சுட்டதில் மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அவருடைய சிலையைக் கடந்துதான் இன்றும் மாணவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள்.

ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் ஊருக்கு ஓர் ஆபத்து உண்டு. 1979-ல் தொலைதூரக் கல்வி வந்தது. இங்கே தங்காமலே படிப்பவர்கள் பெருகினார்கள், ஊழியர்களும் பெருகினார்கள். ‘தங்கிப் படி’ என்ற பழைய கணக்கு அங்கேயே மாறிவிட்டது. 2012-ல் பணநெருக்கடி முற்றியது. சம்பளம் குறையும், ஆள் குறையும் என்ற பேச்சு கிளம்ப, ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013-ல் தமிழக அரசு சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. மூன்று தலைமுறையாகத் தொடர்ந்த செட்டிநாட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் அத்துடன் முடிந்தது.

வேலை போகவில்லை. ஆனால் ‘உபரி’ என்று கணக்கிடப்பட்ட ஆயிரக்கணக்கானோர் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அரசின் கணக்கில் அது பணி நிரவல். வீடு இங்கே, வேலை எங்கோ என்று ஆனவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட முடியுமா?

மருத்துவக் கல்லூரியும் கைமாறியது. அரசுக் கட்டணம் கேட்டு மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2021-ல் அது சுகாதாரத் துறையிடம் போனது. இப்போது அதன் பெயர் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. கடலூரில் போய்த் தேடாதீர்கள். அது இருப்பது அண்ணாமலை நகரில்தான்.