காளி இறந்தானா? பிழைத்தானா?

ஒரே கதைக்கு இரண்டு தொடர்ச்சி எழுதிய கொங்கு நாட்டு ஆசிரியர்

பூவரச மரத்தடியில் காளி கிடக்கிறான். குடித்திருக்கிறான். மனம் உடைந்திருக்கிறான். மனைவி பொன்னா வீட்டில் இல்லை. அவள் எங்கே போனாள் என்பது அவனுக்குத் தெரிந்து விட்டது. அண்ணாந்து பார்க்கிறான். மரத்தின் கிளைகள் கண்ணில் படுகின்றன.

அவ்வளவுதான். கதை முடிந்து விட்டது!

"அப்புறம் என்ன ஆயிற்று? காளி இருக்கிறானா, செத்தானா?" என்று படித்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பதில் சொன்னார். ஒரு பதில் அல்ல, இரண்டு பதில்!

அந்த நாவல் 'மாதொருபாகன்'. 2010-ஆம் ஆண்டில் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் பெருமாள்முருகன். 2014-ல் அவர் எழுதிய தொடர்ச்சிகளின் பெயர் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'. முதல் புத்தகத்தில் காளி இறந்து விட்டான். இரண்டாவதில் உயிரோடு இருக்கிறான். இரண்டும் அதே மரத்தடியில், அதே நேரத்தில் இருந்துதான் தொடங்குகின்றன.

சோடாக் கடைக்காரர் மகன்

பெருமாள்முருகன் 1966-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை சினிமா கொட்டகையில் சோடாக் கடை நடத்தினார். பையன் படித்தான். தமிழில் பட்டம் பெற்றான். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக் கொண்ட பொருள், கொங்கு நாட்டின் முன்னோடி நாவலாசிரியர் ஆர். சண்முகசுந்தரத்தின் கதைகள். கோவைப் பக்கத்துப் பேச்சை அப்படியே கதையில் கொண்டு வந்து, 1942-ல் 'நாகம்மாள்' என்ற நாவலைத் தந்தவர் சண்முகசுந்தரம்.

பெருமாள்முருகன் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் ஆசிரியராக வேலை பார்த்தார். கொங்கு நாட்டில் வழங்கும் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 2000-ல் ஓர் அகராதியே வெளியிட்டார். ஆகவே அவருடைய கதைகளில் வரும் 'கட்டுத்தரை'யும் 'தொண்டுப்பட்டி'யும் ஈரோடு, நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்குச் சொந்த வீட்டுச் சொற்கள். மற்ற ஊர்க்காரர்கள் நாலு பக்கம் தாண்டினால் பழகிக் கொள்வார்கள்.

பன்னிரண்டு வருஷக் கதை

காளியும் பொன்னாவும் விவசாயத் தம்பதி. காலம், நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? விசேஷ வீட்டில் பொன்னாவை ஒதுக்குகிறார்கள். காளியைக் கேலி செய்கிறார்கள். 'வேறு பெண்ணைக் கட்டிக் கொள்' என்கிறார்கள். அவன் மறுத்து விடுகிறான்.

வேண்டாத தெய்வம் இல்லை. திருச்செங்கோட்டு மலை உச்சியில் 'வறடிக்கல்' என்று ஒரு பாறை உண்டு. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதைச் சுற்றி வருவார்கள். கால் தவறினால் பள்ளம். பொன்னா அதையும் சுற்றி வந்து விட்டாள்.

கடைசியாகப் பெரியவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். மலைக்கோயில் தேர்த் திருவிழாவில் ஒரு குறிப்பிட்ட இரவு. அந்த இரவில் கூட்டத்தில் வரும் ஆண் எல்லாம் சாமிதான். பிள்ளையில்லாத பெண் அங்கே போய் வரலாம். பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை. இப்படி ஒரு வழக்கம் அந்தக் காலத்தில் இருந்ததாக நாவல் சொல்கிறது. காளி இதற்குச் சம்மதிக்கவில்லை. பொன்னாவின் அண்ணன் முத்து, காளியின் பழைய சிநேகிதன். அவன் காளியைக் கள் குடிக்க அழைத்துக் கொண்டு போய் விடுகிறான். "உன் புருஷன் சம்மதித்து விட்டான்" என்று பொன்னாவிடம் சொல்லி அவளைத் திருவிழாவுக்கு அனுப்பி விடுகிறார்கள்.

அவள் மேல் என்ன குற்றம்? புருஷன் சொன்னபடி நடப்பதாகத்தான் அவள் நினைத்தாள். அவன் மேல் என்ன குற்றம்? அவன் சம்மதிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் படிப்பவருக்குத் தெரியும். காளிக்கும் பொன்னாவுக்கும் மட்டும் தெரியாது. நெஞ்சைப் பிசைவது இதுதான்.

முன்னும் பின்னும்

கதை சொல்லும் முறையும் விசேஷமானது. நாவல் தொடங்கும்போது காளி மாமனார் வீட்டுக்கு வந்து பூவரச மரத்தடியில் இருக்கிறான். கல்யாணமான புதிதில் அவனே கொண்டு வந்து நட்ட கன்று அது. இப்போது பெரிய மரம். அதைப் பார்த்ததும் பழைய நினைவு வருகிறது. கதை பின்னால் போகிறது. பிறகு இன்றைக்கு வருகிறது. மறுபடி பின்னால் போகிறது. இன்று நடப்பது சில நாள் கதைதான். நேற்று நடந்தது பன்னிரண்டு வருஷக் கதை.

இப்படி இரண்டு காலத்தில் கதை போவது தமிழருக்குப் புதிதல்ல. கோவலன் மதுரையில் ஏன் வெட்டுண்டான்? முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக் கொடுத்துக் கொல்லச் செய்தான் என்கிறது சிலப்பதிகாரம். கல்கி 'மோகினித் தீவு' எழுதினார். யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறவன் ஒரு தீவில் இறங்கிப் பழைய பாண்டிய நாட்டுக் காதல் கதையைக் கேட்கிறான். 1963-ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் போன ஜென்மத்துக் காதலர்கள் இந்த ஜென்மத்தில் சந்திக்கிறார்கள். தியேட்டரில் யாரும் குழம்பவில்லை!

ஆனால் அவற்றில் எல்லாம் நேற்று ஒன்று, இன்று ஒன்று. பெருமாள்முருகன் ஒரு படி மேலே போய், நேற்று ஒன்று, நாளை இரண்டு என்று வைத்து விட்டார். வெளிநாட்டிலும் இப்படிச் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஃபவுல்ஸ் 1969-ல் 'ஃபிரெஞ்சு லெப்டினன்டின் பெண்' என்ற நாவலை இரண்டு விதமாக முடித்தார். அவர் ஒரே புத்தகத்துக்குள் முடித்து விட்டார். இங்கே ஒவ்வொரு முடிவும் தனித்தனிப் புத்தகமாகவே வளர்ந்து விட்டது.

'ஆலவாயன்' என்ன சொல்கிறது? காளி போய் விட்டான். பொன்னா தனி ஆள். தன்னை இப்படித் தண்டித்து விட்டானே என்று துடிக்கிறாள். அவன் இருந்த நாட்களின் சந்தோஷமும் விடாமல் துரத்துகிறது. இதிலும் காலம் இரண்டாக ஓடுகிறது: காட்டு வேலையில் இன்று, மனத்துக்குள் நேற்று. வயிற்றில் ஒரு குழந்தை வேறு. ஊர் அதைக் காளியின் குழந்தை என்று ஒத்துக் கொள்ள வேண்டும். அங்கேதான் மாமியார் சீராயி வருகிறாள். பெற்ற மகனைப் பறி கொடுத்த தாய், மருமகளைத் திட்டித் தீர்ப்பாள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவள் திட்டவில்லை. மருமகளுக்குக் காவலாக நிற்கிறாள். மாமியார் என்றாலே கொடுமைக்காரி என்று காட்டும் கதைகளுக்கு நடுவே இது அபூர்வம்.

'அர்த்தநாரி'யில் காளி பிழைத்துக் கொள்கிறான். பிழைத்தது நல்லதாயிற்றா? அவன் பொன்னாவைத் தண்டிக்கத் தீர்மானிக்கிறான். அடிக்கவில்லை, பிரிந்து போகவும் இல்லை. பேசாமல் இருக்கிறான். அவ்வளவுதான். பேசாத புருஷனோடு ஒரே ஊரில் வாழ்வது என்ன பாடு என்று தெரிந்த பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பொன்னாவும் விட்டுக் கொடுப்பவள் அல்ல. 'செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்?' என்பது அவள் கட்சி. முடிவு என்ன என்பதைப் புத்தகத்தில் பார்த்துக் கொள்ளுங்கள்.

புத்தகம் எரிந்தது

தொடர்ச்சிகள் வந்த நேரம் நல்ல நேரமாக இல்லை.

2013-ல் 'மாதொருபாகன்' ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் அனிருத்தன் வாசுதேவன். மறு வருஷம், 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் திடீரென்று எதிர்ப்புக் கிளம்பியது. நான்கு வருஷம் சத்தம் இல்லாமல் விற்ற புத்தகம்! சில ஜாதி, மத அமைப்புகள் அதைத் தடை செய்யச் சொன்னார்கள். பிரதிகளை எரித்தார்கள். சில பக்கங்கள் மட்டும் நகல் எடுக்கப்பட்டு ஊரில் கைமாறின. 2015 ஜனவரி 9-ந் தேதி கடையடைப்பு நடந்தது.

எதிர்த்தவர்களின் கோபம் என்ன? ஊரின் பெயர் நிஜம். கோயில் நிஜம். திருவிழா நிஜம். ஜாதியின் பெயரும் இருக்கிறது. அப்படியிருக்க, அந்த இரவு மட்டும் எப்படிக் கற்பனை ஆகும் என்று கேட்டார்கள். எங்கள் பாட்டிமார்களைப் பற்றியல்லவா இந்தப் பேச்சு, நாளைக்கு எங்கள் பெண்களை வெளியூர்க்காரன் எப்படிப் பார்ப்பான் என்றார்கள். ஆசிரியர் எழுதியது முன்னொரு காலத்துக் கதை. அவர்களோ இன்றைக்குத் தங்கள் வாசலில் நின்று யாரோ ஏசியதாக எடுத்துக் கொண்டார்கள். இந்த மனக்குறையை ஒரேயடியாகத் தள்ளி விட முடியாது. ஆனால் நாலு பக்க நகலைப் படித்தவருக்குப் பொன்னாவின் பன்னிரண்டு வருஷத்துக் கண்ணீர் எப்படித் தெரியும்? அதைச் சொல்லும் பக்கங்களை யாரும் நகல் எடுக்கவில்லை.

அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை எடுத்து விடுவதாக ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். கோபம் அடங்கவில்லை. ஜனவரி 12-ந் தேதி நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் சமாதானப் பேச்சு நடந்தது. நிபந்தனை இல்லாத மன்னிப்புக் கடிதத்தில் அவர் கையெழுத்திட்டார்.

அதன் பின் அவர் வெளியிட்ட அறிவிப்பு இந்தியா முழுவதையும் திடுக்கிட வைத்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்து விட்டான். இனி ஆசிரியர் வேலை பார்க்கும் பெ. முருகன் மட்டுமே இருப்பான் என்று தெரிவித்தார். தம் புத்தகங்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக் கொண்டார். நஷ்டத்தைத் தாமே ஈடு செய்வதாகவும் சொன்னார். வாங்கியவர்கள் எரித்து விடலாம் என்றார்.

காளிக்கு இரண்டு முடிவு எழுதியவர், தமக்கே ஒரு முடிவை எழுதிக் கொண்டு விட்டார்.

ஐகோர்ட்டு தீர்ப்பு

வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் மனுச் செய்தார். தடை கேட்டவர்களும் மனுச் செய்தார்கள். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் விசாரித்தார்கள். 2016 ஜூலை 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. தடை கேட்ட மனுக்கள் தள்ளுபடி ஆயின. நாமக்கல்லில் போட்ட கையெழுத்து ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். புத்தகம் பிடிக்காதவர் படிக்காமல் மூடி வைக்கலாம் என்றார்கள். ஆசிரியர் உயிர்த்தெழுந்து மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்பை முடித்தார்கள்.

எழுதினார். மௌனமாக இருந்த மாதங்களில் எழுதிய கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்று வெளிவந்தன. அதே வருஷம் 'பூனாச்சி' வந்தது. அது ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதினால்தானே வம்பு! 2018-ல் ஆலவாயனும் அர்த்தநாரியும் ஆங்கிலத்துக்குப் போயின. 2023-ல் 'பூக்குழி'யின் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. அதே ஆண்டில் 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. பரிசு கிடைத்தது.

எதை முதலில் படிப்பது?

'மாதொருபாகன்' படித்து முடித்தவர் அடுத்து எதை எடுப்பது? இரண்டில் எதை முதலில் படித்தாலும் கதை புரியும். ஒன்றைப் படித்து விட்டு மற்றதை விட்டு விடவும் செய்யலாம். ஆனால் விட மனம் வராது. 'ஆலவாயனில்' காளிக்காக அழுதவர், அடுத்த புத்தகத்தில் அவன் எழுந்து நடமாடுவதைக் கண்டு முதலில் மகிழ்ந்து போவார். இருபது பக்கம் போனால் அவன் மேலேயே கோபம் வரும். 'ஒரு வார்த்தை பேசித் தொலையேன்டா!' என்று தோன்றும்.

இறந்தவன் மேல் கோபப்பட முடிவதில்லை. உயிரோடு இருப்பவன் மேல்தான் படலாம். அந்தக் கோபத்தோடு புத்தகத்தை மூட விரும்பாதவர்கள் 'அர்த்தநாரி'யை முதலில் படித்து விட்டு, சீராயியும் பொன்னாவும் காட்டு வேலை பார்க்கும் 'ஆலவாயனை' அப்புறம் எடுத்துக் கொள்ளலாம்.