மிஸ்வாக்கும் நோன்பு இரவுகளும்

இவ்வுலகைப் பிரியும் வேளையிலும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பார்வை ஒரு பல்குச்சியின் மீது படிந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அதனைக் கையில் ஏந்தி உள்ளே வந்தார்கள். நாயகத்தின் விருப்பத்தைக் குறிப்பால் உணர்ந்த அன்னையவர்கள் அதனைப் பெற்று, மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள்; பெருமானார் அவர்கள் பல் துலக்கினார்கள். ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை செவியுற்றிருப்பீர்கள். சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லையேல் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்வதைக் கட்டளையாக்கியிருப்பார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த சுன்னத்தைப் பெற்றிருந்தும், நம் இல்லங்களில் சொத்தைப்பல் இல்லாத பிள்ளையைக் காண்பது அரிதாகி வருவதேன்? பள்ளிவாசல் வாயிலில் வாங்கிய குச்சி ஜிப்பாப் பையில் மாதக்கணக்கில் உறங்குகிறது. தொழுகைக்கு முன் அதனை எடுத்து முன்பற்களில் நான்கு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மீண்டும் பையில் செருகிவிடுகிறோம். சொத்தையோ பெரும்பாலும் கடைவாய்ப் பற்களில் அன்றோ தொடங்குகிறது!

பல்லின் மீது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு படலம் நாள்தோறும் படிகிறது. அதில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் கடினமான மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரே அமர்வில் உண்ட அல்வாவை விட, மாலை முழுவதும் சிறிது சிறிதாக அருந்திய சர்க்கரைத் தேநீர் பல்லுக்குப் பெருங்கேடு செய்யக்கூடும்.

இப்பொழுது ரமலான் இரவுகளை எண்ணிப் பாருங்கள். நோன்பு திறந்ததும் சர்பத். பின்னர் கஞ்சியும் வடையும். தராவீஹ் முடிந்து வந்தால் இனிப்பும் தேநீரும். ஸஹர் உணவின் இறுதியில் பாலும் பழமும் சர்க்கரையும். அதன் பின் சுபுஹு தொழுதுவிட்டு, வாயைச் சுத்தம் செய்யாமலே உறங்கிவிடுகிறோம். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பகலிலும் நீர் அருந்தாமையால் வாய் உலர்கிறது. பல்லைக் காக்கும் நீர் குறைந்திருக்கும் வேளையில் பல்லைக் கரைக்கும் பொருளை வாயில் விட்டுவைப்பது எவ்வாறு பொருந்தும்?

நோன்பாளி பகலில் மிஸ்வாக் செய்வது பற்றி நம் ஊர்களில் ஒரு தயக்கம் நிலவுகிறது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில், சூரியன் உச்சி சாய்ந்த பின் அது மக்ரூஹ் என்ற கருத்தே பிரபலம். ஹனஃபி மத்ஹபில் நாள் முழுவதும் தடையில்லை. ஷாஃபி இமாம்களுள் ஒருவரான இமாம் நவவி (ரஹ்) அவர்களும் தமது 'அல்மஜ்மூஃ' நூலில் மக்ரூஹ் இல்லை என்ற கருத்தையே தேர்ந்தெடுத்துள்ளார்கள். எக்கருத்தைக் கொண்டாலும் ஸஹர் முடிந்த நேரத்திற்கோ, இரவு உறங்கச் செல்லும் நேரத்திற்கோ எத்தடையும் இல்லை. பல்லுக்கு மிகவும் வேண்டிய நேரங்களும் இவையே. மக்ரூஹ் என்னும் சொல்லைக் காரணம் காட்டி, எவரும் மக்ரூஹ் எனக் கூறாத இரவையும் கைவிடுவது நியாயமாகாது.

அரபு நாட்டில் 'அராக்' என்றும் நம் நாட்டில் உகா என்றும் வழங்கும் மரத்தின் வேரும் கிளையுமே மிஸ்வாக். பென்சில் பருமனுள்ள, புதிய, வளையும் குச்சியாகத் தேர்ந்தெடுங்கள். நுனியில் அரை அங்குலம் பட்டையைச் சீவி, நீரில் நனைத்து, நார் விரியுமளவு மெல்லுங்கள். ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் துலக்குங்கள்; அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கிவிடும். பல்லின் உட்புறத்தையும் கடைவாயையும் மறவாதீர்கள். நார் நைந்ததும் நறுக்கிவிட்டுப் புதிய நுனியை எடுங்கள். ஒருவர் குச்சியை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். உகா கிடைக்காவிடில் நம் முன்னோர் கையாண்ட வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் இருக்கின்றன.

ஆனால் குச்சி ஒன்றே போதும் என எண்ணிவிடலாகாது. எனாமலுக்கு உறுதியூட்டும் ஃப்ளோரைடு மிஸ்வாக்கில் மிகச் சிறிதளவே உண்டு. ஃப்ளோரைடு கலந்த பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துள்ளது. இரவில் பற்பசை, ஒளூவின்போது மிஸ்வாக் என வைத்துக்கொண்டால் இரண்டின் பயனும் கிட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்து பற்களில் கறை படிவதுண்டு. அங்குள்ளோர் குழந்தைகளுக்கு எப்பசை ஏற்றது என மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

செங்கல் தூள், கரித்தூள், மணல் கலந்த சாம்பல் ஆகியவற்றை 'இயற்கை' என்று போற்றுவோர் இன்றும் உளர். அவை அழுக்குடன் எனாமலையும் சுரண்டிவிடும். கிராம்புத் தைலம் வலியைச் சற்று மரக்கச் செய்யுமேயன்றிச் சொத்தையைப் போக்காது. தொடக்கத்தில் வெண்புள்ளியாகத் தோன்றும் சிதைவை ஃப்ளோரைடு மீட்கக்கூடும். குழி விழுந்துவிட்டால் எக்குச்சியும் எத்தைலமும் அதனை மூடா. மருத்துவர் அடைத்தே ஆக வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்க வைக்காதீர்கள். முன்பற்கள் முளைத்த வேகத்திலேயே கறுத்துக் கரைவது பெரும்பாலும் இதனால்தான். முதற்பல் தோன்றிய நாள் முதல் துலக்கத் தொடங்குங்கள். மூன்று வயதுவரை அரிசியளவு பசை, ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். ஏழெட்டு வயதுவரை பிள்ளை தானாகத் துலக்கிய பின், நீங்கள் ஒருமுறை கடைவாய்ப் பற்களைத் துலக்கிவிட்டே இரவில் படுக்க வையுங்கள்.