தும்பி வாழக் குளம் வேண்டும்

தும்பிகள் தாழப் பறந்தால் மழை வருமெனக் கணித்தவர்கள் எமது முன்னோர். ஆயினும், நீருடன் தும்பிக்குள்ள உறவு மழையுடன் முடிந்துவிடுவதில்லை. அதன் வாழ்வின் பெரும்பகுதி நீருக்கடியிலேயே கழிகின்றது.

பெண் தும்பி நீரிலோ நீர்த்தாவரங்களிலோ முட்டையிடுகின்றது. அதிலிருந்து வெளிவரும் குடம்பி, மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கணப்பொழுதில் நீட்டி இரையைக் கவ்விக்கொள்ளும். நுளம்புக் குடம்பிகளும் சிறு மீன்குஞ்சுகளும் அதற்கு உணவாகின்றன. இனத்திற்கேற்பச் சில வாரங்கள் முதல் சில ஆண்டுகள் வரை இவ்வாழ்வு நீடிக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு உள்ளதுபோன்ற கூட்டுப்புழுப் பருவம் தும்பிக்கு இல்லை. முதிர்ந்த குடம்பி செடித்தண்டில் ஏறித் தோலுரித்து, நான்கு சிறகுகளுடன் வெளிவருகின்றது. அதன்பின் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சில வாரகால வாழ்வே.

அச்சிறு உடலின் ஆற்றலோ வியப்புக்குரியது. மாலைதீவில் தேங்கிநிற்கும் நன்னீர் மிக அரிது. அவ்வாறிருந்தும், ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதமளவில் அங்கு பெருந்தொகையான தும்பிகள் வந்திறங்குகின்றன. இவை இந்தியாவிலிருந்து பருவக்காற்றின் துணையுடன் இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவை நோக்கிச் செல்வதாக ஆய்வாளர் சார்ள்ஸ் அண்டர்சன் 2009ஆம் ஆண்டு எடுத்துரைத்தார்.

கடலைக் கடக்கவல்ல தும்பியினத்தையும் குளமின்மை வீழ்த்திவிடும். 2021ஆம் ஆண்டு வெளியான முதலாவது உலகளாவிய மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 6,016 இனங்களில் 16 சதவீதமானவை அழிவை எதிர்நோக்குவதாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தெரிவித்தது. சதுப்பு நிலங்கள் அழிக்கப்படுவதே இதற்கான முதன்மைக் காரணமாகும். இலங்கையிலும் 100க்கு மேற்பட்ட தும்பியினங்கள் உள்ளன. அவற்றுட் பல வேறெங்கும் காணப்படாதவை.

நுளம்பை உண்பதால் டெங்கைத் தும்பி ஒழித்துவிடும் என நாம் எண்ணிவிடக்கூடாது. டெங்கு நுளம்பு பெருகும் சிரட்டைக்குள்ளும் ரயருக்குள்ளும் தும்பி பொதுவாக வளர்வதில்லை. அவற்றை அகற்றுவது எமது கடமை. ஆனால், குளத்திலும் வயலிலும் தும்பி செய்யும் பணியை எந்த நஞ்சாலும் ஈடுசெய்ய இயலாது. விசிறப்படும் பூச்சிநாசினி நுளம்புடன் தும்பியையும் கொன்றுவிடுகின்றது.

குப்பை கொட்டி ஊர்க்குளங்களை மூடுவோரும், அதைக் கண்டும் காணாதிருக்கும் உள்ளூராட்சி மன்றங்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். தும்பியற்ற குளம் நோயுற்ற குளமாக இருக்கக்கூடும். அந்நீரையே நாமும் நம்பியிருக்கின்றோம் என்பதை மறந்துவிடலாகாது.