ஒட்டுப் போர்வையும் ஓடாத படகும்

குழந்தைகளே! உங்கள் பாட்டி பழைய புடவைகளை மடித்துத் தைத்து, தொட்டில் பாப்பாவுக்கு விரிப்பு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? இப்படிப் பழந்துணிகளைத் தைத்தே உலகப் புகழ் பெற்ற ஒரு கிராமம் இருக்கிறது!

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் உள்ள அந்த ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். 'பெண்ட்' என்றால் வளைவு. அலபாமா ஆறு வளைந்து, ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிறது. இங்கு வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். இவர்களுடைய முன்னோர், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்கள்.

குளிர்காலத்தில் மர வீடுகளின் இடுக்கு வழியே காற்று புகும். புதுப் போர்வை வாங்கப் பணம் ஏது? கிழிந்த கால்சட்டை, சட்டை, மூட்டைத் துணி என்று கிடைத்ததை எல்லாம் பெண்கள் வெட்டி, இணைத்துத் தைத்தார்கள். கால்சட்டையின் முழங்கால் பக்கம் தேய்ந்து வெளுத்திருக்கும். பாக்கெட் இருந்த இடம் மட்டும் கருநீலமாக இருக்கும். அந்த நிற வேறுபாடே போர்வைக்கு அழகாகி விட்டது!

ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் என்ற ஊர். ஓட்டுப் போடப் பெயர் பதிய வேண்டுமானால் அங்குதான் போக வேண்டும். அப்போது கறுப்பின மக்கள் ஓட்டுப் போடுவதை வெள்ளை அதிகாரிகள் பலர் விரும்பவில்லை. என்ன நடந்தது தெரியுமா? 1962ல் படகுப் போக்குவரத்தே நின்று போனது! சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்தவர்கள், 60 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

1965ம் ஆண்டு இறுதியில், பிரான்சிஸ் வால்டர் என்ற வெள்ளையரான பாதிரியார் அந்த வட்டாரத்துக்கு வந்தார். ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு வியந்து, அருகில் சென்றார். ஆனால், வெள்ளையர் ஒருவர் வருவதைக் கண்டதும் அந்த வீட்டுப் பெண் பயந்து, காட்டுக்குள் ஓடி ஒளிந்து கொண்டார். அவ்வளவு அச்சம்!

வால்டர் அத்தோடு விட்டுவிடவில்லை. உள்ளூர் மக்களோடு மீண்டும் வந்து பேசினார். போர்வைகளை விலை கொடுத்து வாங்கினார். நியூயார்க் நகரில் அவை ஏலம் போயின. 1966ல் அந்தப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். ஓட்டுரிமை கேட்டதற்காக வீட்டை இழந்த குடும்பங்கள் குடியேற, அந்த அமைப்பு தன் நிலத்தில் இடம் கொடுத்து உதவியது.

2002ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. பல இன மக்களும் நின்று ரசித்தனர். 2006ல் அமெரிக்க அரசு, இந்தப் போர்வைகளின் படத்துடன் 10 தபால்தலைகளை வெளியிட்டது. அதே 2006ல், 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஆற்றில் மறுபடியும் படகு ஓடியது!

ஒட்டுப் போர்வையில் எந்தத் துண்டும் இன்னொன்றைப் போல் இருக்க வேண்டியதில்லை. தையல் உறுதியாக இருந்தால் போதும், குளிர் தாங்கும். உங்கள் வகுப்பில் யாரோடும் பேசாமல் ஓரமாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார்? நாளை அவரிடம் போய், முதல் தையலை நீங்கள் போடுங்களேன்!