பாராட்டு குவிந்தது, கல்லா நிரம்பவில்லை!

வணிகப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. சரக்கு முதல் தரம். பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள். பெயர் பெற்ற மார்க். விளம்பரத்திலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் சரக்கு நகரவில்லை. காரணம் என்ன?

"காலம் கெட்டுவிட்டது", "ஜனங்களுக்குத் தரம் தெரியவில்லை" என்பதுதான் நம்மில் பலருடைய வாயில் முதலில் வரும் பதில். அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதை இன்னொரு தொழிலின் கணக்கை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அது ஹாலிவுட் சினிமாத் தொழில். நாம் எடுத்துக்கொள்வது 2024 மே 24 அன்று அமெரிக்காவில் வெளியான 'ஃபியூரியோசா: எ மேட் மேக்ஸ் சாகா' என்ற அதிரடிப் படம்.

சினிமா விமர்சனம் எழுதுவது நம் நோக்கமல்ல. ஆனால் அங்கும் நம்மைப் போலத்தான்: படம் எடுப்பவர் உற்பத்தியாளர், பணம் போட்டு ஊர் ஊராக அனுப்பும் ஸ்டூடியோ மொத்த வியாபாரி, தியேட்டர்காரர் சில்லறைக் கடைக்காரர், டிக்கெட் வாங்குகிறவர் வாடிக்கையாளர். ஒரே வித்தியாசம், அந்தத் தொழிலில் விற்பனைக் கணக்கு வாராவாரம் ஊரறிய வெளியாகிறது. அடுத்தவர் பேரேட்டைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

சரக்கின் பூர்வீகம்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜார்ஜ் மில்லர் மருத்துவம் படித்துச் சிட்னி நகர மருத்துவமனையில் பணிபுரிந்தவர். 1979-ல் அவர் எடுத்த 'மேட் மேக்ஸ்' படத்துக்கான செலவு சில லட்சம் ஆஸ்திரேலிய டாலர்தான். உலகெங்கும் ஓடி அது குவித்த வசூலோ பல கோடி. போட்ட முதலுக்கு வந்த வரவைக் கணக்கிட்டால் உலகின் மிக லாபகரமான படங்களில் ஒன்று என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. அடுத்து 1981-லும் 1985-லும் இரண்டு பாகங்கள் வந்தன. பிறகு 30 ஆண்டுகள் ஒன்றும் இல்லை.

2015-ல் நான்காவதாக வந்தது 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு'. விமர்சகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 10 ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 6 விருதுகளை வென்றது. அதில் சார்லீஸ் தெரோன் ஏற்ற ஃபியூரியோசா என்ற வீராங்கனைப் பாத்திரம், கதாநாயகன் மேக்ஸையே மிஞ்சி நின்றது. அந்த வீராங்கனையின் இளமைக்கால வரலாறுதான் 2024-ல் வந்த முன்கதைப் படம்.

புதிய படமும் சோடை போகவில்லை. மே மாத நடுவில் கான் திரைப்பட விழாவில் திரையிட்டபோது நல்ல வரவேற்பு. விமர்சகர்களில் 100-க்குச் சுமார் 90 பேர் நன்று என்றே எழுதினார்கள். ஆனால் சுமார் 3,800 தியேட்டர்களில் திறந்தும், அமெரிக்காவின் நீண்ட விடுமுறையான 4 நாட்களில் வசூல் சுமார் 3.2 கோடி டாலர்தான். இரண்டாம் வார இறுதியில் அதுவும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்காவில் மொத்தம் சுமார் 6.7 கோடி டாலர். உலகம் முழுவதும் சேர்த்து சுமார் 17.4 கோடி டாலர்.

அசல் எவ்வளவு, வரவு எவ்வளவு?

படம் எடுக்க ஆன செலவு சுமார் 16.8 கோடி டாலர் என்று செய்தி வந்தது. "17.4 கோடி வந்துவிட்டதே, முதலுக்கு மோசமில்லையே?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. டிக்கெட் பணம் முழுவதும் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேருவதில்லை. ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரருடைய பங்கு. சீனா போன்ற நாடுகளில் ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது நூற்றுக்கு 25 அளவில்தான். விளம்பரச் செலவு தனி. அதுவே பல கோடி. ஆகவே தயாரிப்புச் செலவைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வசூலானால்தான் தியேட்டர் வரவில் முதல் திரும்பும் என்பது அந்தத் தொழிலில் வழங்கும் வாய்ப்பாடு. இந்தப் படத்துக்கு அது 34 கோடி முதல் 42 கோடி டாலர். வந்ததோ அதில் பாதியளவுதான்.

மொத்த விற்பனையை லாபம் என்று நினைத்து ஏமாறும் புது வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல பாடம்.

வழக்கமான சமாதானங்கள்

தோல்விக்குப் பல காரணங்கள் சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

"ஜனங்கள் தியேட்டருக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்" என்றார்கள். 2023-ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் செய்த வேலைநிறுத்தத்தால் 2024 முற்பகுதியில் படங்கள் குறைந்தன. கடைப்பக்கம் வரும் பழக்கம் தளர்ந்தது உண்மை. ஆனால் அடுத்த மாதமே, ஜூன் 14-ல் வெளியான 'இன்சைடு அவுட் 2' முதல் மூன்று நாட்களில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 15.4 கோடி டாலர் வசூலித்தது. கடைவீதியில் கூட்டம் இல்லாமல் இல்லை.

"17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாது என்ற தணிக்கை முத்திரை கெடுத்துவிட்டது" என்றார்கள். அதே முத்திரையோடு ஜூலையில் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' உலகெங்கும் 130 கோடி டாலரைத் தாண்டியது.

"முன்கதைப் படம் என்றாலே எடுபடாது" என்றார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஃபியூரியோசா உயிர் தப்பி, கையிழந்து, போர்வண்டி ஓட்டுகிறவளாக ஆவாள் என்பது 2015-ல் படம் பார்த்தவர்களுக்கு முன்னமே தெரியும். முடிவு தெரிந்த கதையை அவசரமாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் வாடிக்கையாளருக்கு இல்லை. ஆனால் அதே கோடையில், ஜூன் 28-ல், 'எ கொயட் பிளேஸ்: டே ஒன்' என்ற இன்னொரு முன்கதைப் படம் வந்தது. அதிலும் பழைய கதாநாயகி இல்லை. உலக வசூல் சுமார் 26 கோடி டாலர். நல்ல லாபம். ஏனென்றால் அதற்கான தயாரிப்புச் செலவு சுமார் 6.7 கோடி டாலர்தான்.

ஃபியூரியோசா வெளியான அதே நாளில் 'கார்ஃபீல்டு' என்ற பூனைப் படமும் வந்தது. விமர்சகர்கள் அதைக் கழுவி ஊற்றினார்கள். ஆனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இரண்டாம் வார இறுதியில் அமெரிக்காவில் பூனைதான் முதலிடம். அதன் செலவு சுமார் 6 கோடி டாலர். உலக வசூல் 25 கோடி டாலருக்கு மேல்.

ஆக, காலமும் கெடவில்லை, சரக்கும் கெடவில்லை. பிசகு கொள்முதல் கணக்கில் இருக்கிறது.

பாராட்டை வரவில் எழுதினார்கள்

நாம் பின்னோக்கிப் போய் 2015-ன் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஃபியூரி ரோடு வெளியான முதல் மூன்று நாட்களில் அமெரிக்காவில் வசூலானது சுமார் 4.5 கோடி டாலர். அதே நாளில் திறந்த 'பிட்ச் பெர்ஃபெக்ட் 2' என்ற பாட்டுக் கோஷ்டிக் கதை சுமார் 6.9 கோடி வாங்கி அதைப் பின்னுக்குத் தள்ளியது. ஃபியூரி ரோட்டின் உலக வசூல் சுமார் 38 கோடி டாலர். அதன் தயாரிப்புச் செலவு 15 கோடி டாலருக்கும் மேல். மேலே சொன்ன வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது முதலுக்கும் லாபத்துக்கும் நடுவில் தத்தளித்த படம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் புதுப்படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடமே மதிப்பெண் கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. ஃபியூரி ரோட்டுக்கு ரசிகர்கள் கொடுத்தது 'பி பிளஸ்'. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஃபியூரியோசாவுக்குக் கொடுத்ததும் அதே 'பி பிளஸ்'. விமர்சகர் கொடுத்தது முதல் வகுப்பு. காசு கொடுத்தவர் கொடுத்தது இரண்டாம் வகுப்பு. இரண்டு முறையும் அப்படித்தான்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் ஃபியூரி ரோட்டின் புகழ் வளர்ந்தது. விருதுகள் வந்தன. வீட்டில் பார்த்தவர்கள் வியந்தார்கள். அந்தப் பத்தாண்டின் சிறந்த படங்களில் ஒன்று என்று எழுதினார்கள். ஆனால் வாங்குகிறவர் எண்ணிக்கை வளர்ந்ததா என்பது வேறு கேள்வி. புகழ் வளர்ந்ததைப் பார்த்துவிட்டுத் தேவையும் வளர்ந்துவிட்டதாகக் கணக்குப் போட்டார்கள். பாராட்டை வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள் என்பதே நம் கணிப்பு. நடுத்தர அளவில் விற்கும் சரக்கை, பெரும் விற்பனைக்கு உரிய விலை கொடுத்துக் கொள்முதல் செய்தார்கள்.

அதற்கு மேல் மூன்று சறுக்கல்கள். முதலாவது, முகம் மாறியது. தெரோன் இடத்தில் இளைய நடிகை ஆன்யா டெய்லர்-ஜாய். நன்றாகவே நடித்தார், அவர்மேல் பழி போடுவது நியாயமல்ல. ஆனால் லேபிளில் மேட் மேக்ஸ் பெயர் இருக்க, உள்ளே மேக்ஸ் கதாநாயகனாக இல்லை. மக்கள் மனதில் பதிந்த ஃபியூரியோசாவின் முகமும் இல்லை.

இரண்டாவது, காலதாமதம். ஃபியூரியோசாவின் கதை 2015-க்கு முன்பே எழுதித் தயாராக இருந்தது. ஆனால் ஃபியூரி ரோடு முடிந்தபின் போனஸ் தொகை தொடர்பாக மில்லரின் நிறுவனத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் தகராறு எழுந்து 2017-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் வரை போனது. சூடு ஆறுவதற்குள் விற்க வேண்டிய பலகாரம், உற்பத்தியாளரும் மொத்த வியாபாரியும் வழக்காடிய நாட்களில் ஆறிப்போனது.

மூன்றாவது, வெளியான ஒரே மாதத்தில், ஜூன் கடைசியில், இந்தப் படம் இணையம் வழியே வீட்டில் பார்க்கக் கிடைத்துவிட்டது. 2020-க்கு முன்பெல்லாம் இதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். கொஞ்சம் பொறுத்தால் குடும்பம் முழுவதும் ஒரே விலையில் பார்க்கலாம் என்று தெரிந்த வாடிக்கையாளர் இன்று ஏன் ஓடி வருவார்?

அடி விழுந்தது யார் மேல்?

ஸ்டூடியோவுக்கு இது பல சரக்குகளில் ஒன்று, அடுத்ததில் ஈடுகட்டிக்கொள்ளும். நம் கவலை சில்லறைக் கடைக்காரரான தியேட்டர்காரரைப் பற்றியது. காலி நாற்காலி என்பது மாலைக்குள் வாடிவிடும் கீரைக்கட்டு போன்றது. இன்றைய காட்சி இன்றோடு போயிற்று; மறுநாள் விற்க முடியாது. டிக்கெட்டில் பாதியைக் கொடுத்துவிட்டு, சோளப்பொரியும் குளிர்பானமும் விற்றுத்தான் அவர் லாபம் பார்க்கிறார். ஆள் வராவிட்டால் அதுவும் இல்லை. விடுமுறை வாரத்தை நம்பியிருந்தவருக்கு, வேறெவரோ போட்ட தப்புக் கணக்கினால் அந்த வாரம் பறிபோயிற்று. வாடகைக்கும் சம்பளத்துக்கும் விமர்சகரின் பாராட்டைக் கொடுக்க முடியாது.

உற்பத்தியாளருக்கும் நஷ்டமே. இன்னொரு மேட் மேக்ஸ் கதையும் கைவசம் உள்ளதாக மில்லர் சொல்லியிருந்தார். 2024-ல் அவருக்கு வயது 79. நல்ல சரக்கு செய்யத் தெரிந்த கைக்கு, விலை தவறிப் போனதால் அடுத்த ஆர்டர் கடினமாகிறது.

நமக்கான பாடம்

நல்ல சரக்கு வைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வணிக தர்மம் ஆகாது. தரமான சரக்கை அதற்குரிய விலையில், அதற்குரிய அளவில் வாங்குங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

பெரிய கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடும் முன் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இதைப் புகழ்கிறவர்கள் வாங்குகிறவர்களா, அல்லது புகழ மட்டும் செய்கிறவர்களா? போன முறை இதே மார்க் எத்தனை போயிற்று என்று நம் கணக்குப் புத்தகம் சொல்கிறது? வாடிக்கையாளர் எந்த முகத்தை, எந்த ருசியை நினைத்து வந்தாரோ அது இந்தப் பெட்டியில் இருக்கிறதா? ஒரு மாதம் பொறுத்தால் அவருக்கு வேறிடத்தில் மலிவாகக் கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு ஏஜெண்டுகளின் பேச்சில் பதில் தேடக் கூடாது. நம் பேரேட்டில் தேட வேண்டும்.

பூனைப் படம் எடுத்தவர் உலகப் புகழ் பெறவில்லை. ஆனால் தன் வாடிக்கையாளர் யார், எத்தனை பேர், எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை அறிந்து அதற்குள் செலவை அடக்கினார். மேட் மேக்ஸ் எடுத்தவரும் 1979-ல் அதையேதான் செய்தார். பெயரில்லாத அந்த நாளில் சிக்கனமாக எடுத்த படம் அள்ளிக் கொடுத்தது. புகழின் உச்சியில் கோடிகளைக் கொட்டி எடுத்த படம் கையைக் கடித்தது. வாங்கும்போதே லாபம் என்று நம் முன்னோர் சொன்னது மளிகைக்கும் ஜவுளிக்கும் மட்டுமல்ல, ஹாலிவுட்டுக்கும் பொருந்தும். அடுத்த பருவக் கொள்முதலுக்குப் புறப்படும் முன் பழைய கணக்கை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுவோம்.